கனகாம்பிகை மச்சாள் வைத்த நேர்த்தி

மாமி செத்து எட்டாம் நாள் எட்டுச்செலவுக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் பாரிஸிலிருந்து என் தங்கை அந்த வீடியோவை அனுப்பினாள். "அக்கா, உது எங்கடை கனகாம்பிகை மச்சாளின்ரை குரல்தானே?" என்று கீழே எழுதியிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு ஈரக்கையோடு அமத்தினேன்.

பெட்டியில் மாமி படுத்திருக்கிறார். தலைமாட்டில் குத்துவிளக்கு. பின்னால் யாரோ ஒரு சோக வயலினைப் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே மச்சாளின் குரல், காதுக்குள் வந்து கதைப்பதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. "அம்மனிட்டைப் போய், அம்மா கெதியாச் சாகவேணும், செத்தா அடியழிக்கிறன் எண்டு நேந்தனான். கேட்டிட்டா. அம்மன் கேட்டிட்டா." அவ்வளவுதான் வீடியோ. கீழே சிவப்பு எழுத்தில் தலைப்பு: 'பெற்ற தாய் சாக நேர்த்தி வைத்த மகள்! யாழில் நடந்த கொடுமை!'

அந்தக் 'கொடுமைக்கார' மகள் எனக்கு முன்னால்தான் இருந்தார். தாய்க்குப் பிடித்த பால்கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "என்ன கௌரி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார். "ஒண்டுமில்லை மச்சாள், வெங்காயம்" என்றேன். வெட்டிக்கொண்டிருந்தது கத்தரிக்காய். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது.

கனகாம்பிகை மச்சாளைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நீர்வேலியில் பிறந்தவர். இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் ஓடிய காலம் போக, மிச்ச வாழ்க்கை முழுக்க இந்த ஒழுங்கைக்குள்தான். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தார். கலியாணம் ஒன்று பேசி வந்தது, இடப்பெயர்வோடு அந்தப் பேச்சும் எங்கேயோ போய்விட்டது. தம்பி பிரகலாதன் இருபது வயதில் கனடாவுக்குப் போனான். தகப்பன் செத்தார். தாய்க்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் மச்சாள் வேலையை விட்டார். அன்றிலிருந்து தாயும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாழைத்தோட்டமும்தான். விடிய எழும்பித் தாயைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, புண்ணுக்கு மருந்து கட்டி, கஞ்சி பருக்கிவிட்டு, இதரை வாழைக்குலை வெட்டச் சொல்லிவிட்டு, திரும்பவும் வந்து தாயைப் புரட்டுவார். நான் பக்கத்து வீடு, தாய்மாமன் மகள். நாள்தோறும் பார்த்தவள் நான். ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததை நான் காணவில்லை.

பிரகலாதனையும் நாள்தோறும் பார்த்தேன். பேஸ்புக்கில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தாயோடு வீடியோவில் கதைப்பான். அதற்கென்றே நல்ல போன் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். மச்சாளுக்கு அந்தப் போனில் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டும்தான் தெரியும். கதைத்து முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் படம் பேஸ்புக்கில் ஏறிவிடும். ஒரு மூலையில் அவன் சிரிக்கிறான், பெரிய கட்டத்துக்குள் மாமி கோணிய வாயோடு படுத்திருக்கிறார். 'என் தெய்வத்துடன் இன்றைய ஞாயிறு' என்று எழுதியிருப்பான். கீழே இதயம் இதயமாகக் கொட்டிக் கிடக்கும். 'இப்படி ஒரு பிள்ளை கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும்' என்பார்கள். தாயின் தலையணையைச் சரிசெய்துவிட்டு விலகுகிற ஒரு கை சிலவேளை அந்தப் படத்தின் ஓரத்தில் தெரியும். அது ஆருடைய கை என்று ஒருவரும் கேட்டதில்லை.

மாமி செத்தபோது பிரகலாதன் வரவில்லை. லீவு இல்லையாம். பெரியப்பன் மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். ஆனால் பிரகலாதன் லைவுக்கு மட்டும் உடனே ஒழுங்கு செய்துவிட்டான். இப்போது எங்கள் பக்கத்தில் ஐயர் இல்லாமல்கூடச் செத்தவீடு நடந்துவிடும், லைவ் இல்லாமல் நடக்காது. எங்கள் ஊரில் அந்த வேலையெல்லாம் கஜீவன்தான். நல்ல பொடியன், பந்தல் போடுமுன்னரே கமராவோடு வந்துவிடுவான். தேவாரம் வெளிநாட்டில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று பிரகலாதன் சொன்னதற்காக, ஒரு சின்ன மைக்கை மாமியின் தலைமாட்டில் வைத்திருந்த மலர்வளையத்தில் கொழுவிவிட்டான்.

கிரியைக்கு ஐயர் வரச் சற்றுப் பிந்தியது. பறையும் நின்றிருந்தது. நான் மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு மிடறு தேத்தண்ணியாவது குடியுங்கோ என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர், என்னைப் பார்க்காமல் தாயின் முகத்தைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் கதைத்தார்.

"கௌரி, அம்மா விடிஞ்சாப் பொழுதுபட்டா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'என்னை அனுப்பிவிடு பிள்ளை, நோகுது, அம்மனிட்டைச் சொல்லு' எண்டு அழுதவ. நான் மாட்டன் எண்டிட்டன். பிறகு தம்பியிட்டையும் கேட்டவ. 'நீயாவது அங்கத்தைக் கோயிலிலை சொல்லன் ராசா' எண்டு. அவன், 'அம்மா லைன் கிளியர் இல்லை' எண்டு வெட்டிப்போட்டான். அதுக்குப் பிறகு ரெண்டு ஞாயிறு எடுத்துக் கதைக்கவேயில்லை. அம்மா போனையே பாத்துக்கொண்டு கிடந்தவ. எனக்குத் தாங்கேலாமப் போச்சு. நான்தான் கடைசியிலை அம்மனிட்டைப் போய், அம்மா கெதியாச் சாகவேணும், செத்தா அடியழிக்கிறன் எண்டு நேந்தனான். கேட்டிட்டா. அம்மன் கேட்டிட்டா."

இதைச் சொன்னபோது அவர் அழுதார். எனக்குத் தெரிந்து அந்தச் செத்தவீட்டில் அவர் அழுதது அந்த ஒருமுறைதான். மைக் தலைமாட்டில் கொழுவிக் கிடந்தது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

முழுவதையும் கேட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்களில் ஒருவனோ ஒருத்தியோ முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, வால்பக்கத்தை மட்டும் எடுத்து, வயலினும் போட்டு அனுப்பிவிட்டார்கள். யார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஆனால் எட்டுச்செலவன்று பின்னேரத்துக்குள்ளே அது நீர்வேலிக்குத் திரும்பி வந்துவிட்டது. சந்திக் கடைக்குப் போனால் கதை நிற்கிறது. எட்டுச்செலவுக்கு வந்த சனம் மச்சாள் பரிமாறிய சோற்றைத் தின்றுகொண்டே மேசைக்குக் கீழே போனைப் பார்க்கிறது. ஒருத்தி சோற்றைத் தொடாமல் எழும்பிப் போனாள். மச்சாளோ, "வயித்துக்குச் சரியில்லையாக்கும், பாவம்" என்றார். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. 'நான் பக்கத்தில் இருந்தவள். முழுக்கதையும் கேட்டவள். தாயே கெஞ்சிக் கேட்டதால்தான் நேர்ந்தவர்' என்று வீடியோவுக்குக் கீழே எழுதினேன். ஐயோ, எழுதியிருக்கக் கூடாது! 'நீயும் கூட்டுக் கள்ளியோ' என்றான் ஒருவன். 'கிழவியைக் கொன்றதில் உனக்கும் பங்கோ' என்றாள் இன்னொருத்தி. அவளுடைய படத்தில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழகாகச் சிரிக்கிறாள். இந்த முகத்தோடு எப்படி இப்படி எழுத வருகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை. நான் மறுமொழி போட, அவர்கள் மறுமொழி போட, அடுப்பில் கறி அடிப்பிடிக்க, என் மனுசன் பசியோடு குசினி வாசலில் நிற்க, இப்படியே நாட்கள் போயின. கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்பு எழுத்துத்தான் தெரிந்தது.

அப்படித் தோண்டிக்கொண்டு போகும்போதுதான் பிரகலாதனின் பெயரைக் கண்டேன். அப்பாடா, இவன் சொன்னால் எல்லாரும் வாயை மூடுவார்கள் என்று ஆவலோடு திறந்தேன்.

'என் தெய்வத்துக்கு நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை. பெற்றவளுக்கு இப்படிச் செய்ய எந்த மனம் வரும்? இந்த நேரத்தில் எங்கள் குடும்பத்துக்குத் தனிமை தாருங்கள், உறவுகளே.'

திரும்பத் திரும்ப வாசித்தேன். வேறு ஒரு பிரகலாதனாக இருக்கக் கூடாதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவனேதான். தாய் கேட்டது அவனுக்குத் தெரியும். அவனிடமும் கேட்டவர். அவன் லைனை வெட்டினவன். அந்த லைவைக் காசு கொடுத்துப் போடுவித்ததே அவன்தான், முழுவதையும் கட்டாயம் கேட்டிருப்பான். என் வாழ்க்கையில் ஷெல் விழுந்தும் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட இப்படி அதிரவில்லை.

நேரே கஜீவனிடம் போனேன். "தம்பி, அந்த முழு லைவ் எங்கை? தேடிப் பாத்தன், காணேல்லை" என்றேன். பொடியன் தலையைக் குனிந்தான்.

"பிரகலாதன் அண்ணைதான் அழிக்கச் சொன்னவர் அன்ரி. துண்டு வீடியோ பரவின உடனையே போன் எடுத்துச் சொன்னவர்."

"துண்டை அழிக்கச் சொன்னவரோ, முழுசை அழிக்கச் சொன்னவரோ?"

"முழுசை."

நான் அவன் கடை வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். அவனுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். தன் கணினியில் கிடந்த பிரதி ஒன்றை என் போனுக்கு ஏற்றித் தந்தான். "என்ரை மைக்காலை வந்தது அன்ரி. நீங்கள் போட்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றான்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு முந்தினநாள் மச்சாளிடம் போனேன். மாமியின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்துச் சின்ன மேசையில், பிரகலாதன் அனுப்பிய போன், சார்ச்சில். அன்று ஞாயிற்றுக்கிழமை. தாய் செத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்தப் போனைத் துடைத்துச் சார்ச்சில் போட்டு வைத்திருக்கிறார். செத்தவீடு முடிந்த நாளிலிருந்து அவன் ஒருமுறைகூட எடுத்துக் கதைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிரவில்லை. நான்தான் அதிர்ந்தேன்.

"தெரியும் கௌரி. சந்தையிலை குலை எடுக்கிறவர் காட்டினவர். 'அக்கா, உது நீங்களோ' எண்டு கேட்டார். ஓம், நான்தான் எண்டன். பேசாமல் குலையை நிறுத்து எடுத்துக்கொண்டு போனார்."

"தம்பி எழுதினதும் தெரியுமோ?"

"அதையும் காட்டினவர்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் போனை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினேன். "மச்சாள், முழுசும் இதுக்குள்ளை கிடக்கு. அவன் வெட்டினது, எடுக்காமல் விட்டது, எல்லாம் உங்கடை வாயாலையே கிடக்கு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இண்டைக்கே போடுறன். நாளைக்கு அவன்ரை முகத்திலைதான் காறித் துப்புவினம்."

அவர் போனை வாங்கவில்லை. சீலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"இவ்வளவு நாளும் என்னிலை துப்பினவை. இனி அவனிலை துப்புவினம். அம்மா ஆருக்குச் சொன்னவ கௌரி? எனக்கும் அவனுக்கும் சொன்னவ. உங்கினை இருக்கிற சனத்துக்கு ஏன் அது? போடாதை."

"அப்ப உங்கடை பேர்?"

"எனக்கு நேத்தி கிடக்கு. அதைச் செய்யவேணும். அம்மனுக்குச் சொன்னதைச் செய்யாமல் விட்டா அம்மாதான் போக வழியில்லாமல் அந்தரிப்பா. எனக்கு இப்ப அந்தப் பயம் ஒண்டுதான்."

அந்தப் பயமும் நியாயமாகிவிட்டது. அந்திரட்டி முடிந்து துடக்குக் கழிந்த கையோடு, கோயில் சபையிலிருந்து தம்பிராசா அண்ணை வந்து வாசல் படலையடியிலேயே நின்றார். நல்ல மனுசன், சண்டை தெரியாதவர். "தங்கச்சி, கோயிலின்ரை பேரும் அடிபடுது. கொஞ்சக் காலம் பொறுத்து, சனம் மறந்த பிறகு செய்யலாமே?" என்றார்.

"அண்ணை, நான் கேக்கேக்கை அம்மன் பொறுத்துச் செய்வம் எண்டு சொல்லேல்லை" என்றார் மச்சாள். தம்பிராசா அண்ணை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலமைப் பூசை. வெள்ளிகளில் கோயிலின் பேஸ்புக் பக்கத்தில் லைவ் போகும், கஜீவன்தான் போடுவான். மச்சாள் கிணற்றடியில் முழுகி, ஈரச் சீலையோடு வந்து வெளிவீதியில் நின்றார். அடியழிப்பது பார்ப்பதற்கு லேசுபோல இருக்கும். ஓர் அடி வைத்து, முழங்காலில் விழுந்து, நெற்றி மண்ணில் முட்டக் கும்பிட்டு, தன் அடியைக் கையால் அழித்துவிட்டு எழும்பி, அடுத்த அடி வைக்க வேண்டும். அப்படியே கோயிலைச் சுற்றி வர வேண்டும். ஐம்பத்தேழு வயது முழங்காலுக்கு அது லேசான வேலையல்ல.

மச்சாள் முதல் அடி வைக்கும்போதே போன்கள் உயர்ந்தன. எங்கள் ஒழுங்கைச் சனம், எங்கள் கூடப் படித்ததுகள், மாமியின் கையால் பால்புக்கை வாங்கித் தின்றதுகள்! ஒருத்தியும் கூட விழுந்து கும்பிடவில்லை, தண்ணீர்ச் செம்பு ஏந்தவில்லை. எல்லாருக்கும் ஒரு கைதான் இருந்தது, மற்றக் கையில் போன். கஜீவன் கமராவை வேறு பக்கம் திருப்பப் போனான். மச்சாள் மண் ஒட்டிய முகத்தோடு நிமிர்ந்து, "எடு தம்பி. இது ஒளிச்சுச் செய்யிற நேத்தி இல்லை" என்றார்.

நான் செம்போடு பின்னால் நடந்தேன். தெற்கு வீதி மூலையில் அவர் முழங்கால் பக்கம் சீலை சிவந்தது. கடைசி அடி முடிந்து அவர் வாசலில் விழுந்து கும்பிட்டபோது, அப்பாடா முடிந்தது என்று நான் அழுதேவிட்டேன். கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, மறுபடியும் ஓர் அடி வைத்து, மறுபடியும் முழங்காலில் விழுந்தார்.

"மச்சாள்! ஒரு சுத்துத்தானே நேந்தனீங்கள்?"

இரண்டாம் சுற்றுத் தொடங்கிவிட்டது. எனக்குப் பயம் பிடித்தது. மனுசிக்குத் தலை கிறுகிறுத்துவிட்டதோ? என் போனை எடுத்துப் பார்த்தேன், ஏன் பார்த்தேனோ, அந்தப் பழக்கம் விடாது. லைவுக்குக் கீழே ஒருவன் எழுதியிருந்தான்: 'முதல் சுற்று அம்மா. இரண்டாவது யார் சாகவோ?' அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள். போனை அந்த வீதியிலேயே அடித்து உடைத்திருப்பேன், அப்போது அது அடித்தது. பிரகலாதன்.

"கௌரி, லைவ் பாத்துக்கொண்டிருக்கிறன். அக்கா ஏன் ரெண்டாந்தரம் சுத்துறா? எல்லாரும் கேக்கினம். என்ரை பேர் ஏதும் சொன்னவவோ?"

முழங்கால் நோகிறதா, தண்ணீர் குடித்தாரா என்று ஒரு கேள்வி இல்லை. என் வாயில் வந்ததை நான் இங்கே எழுதவில்லை. கோயில் வீதி என்றும் பார்க்காமல் ஏசினேன். அவன் போனை வைக்கவில்லை. "அக்காவோடை ஒருக்காக் கதைக்கவேணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். சுற்று முடியுமட்டும் லைனில் இரு என்றேன்.

இரண்டாம் சுற்றும் முடிந்தது. மச்சாள் வாசல் படியில் சாய்ந்து இருந்தார். நெற்றியெல்லாம் மண், உதடு காய்ந்திருந்தது. செம்புத் தண்ணீரைக் குடித்தார். நான் போனை நீட்டி, "பிரகலாதன்" என்றேன். அவர் கண் ஒருமுறை ஒளிர்ந்தது, அதை நான் கண்டேன். ஆனாலும் உடனே வாங்கவில்லை. கஜீவனைத் தேடித் திரும்பினார்.

"தம்பி, உன்ரை மைக் நிண்டிட்டுதோ?"

கஜீவன் ஓடிவந்து வயரைக் கழற்றிக் காட்டினான். "ஓம் அன்ரி. லைவையும் நிப்பாட்டிட்டன்."

"உவையையும் கொஞ்சம் அங்காலை போகச் சொல்லு."

போன்களைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களை அவன் தள்ளிக்கொண்டு போனான். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். பிறகுதான் மச்சாள் போனைக் காதில் வைத்தார்.

"சாப்பிட்டியே தம்பி?"

அந்தப் பக்கம் அவன் ஏதோ தொடங்கினான். அக்கா, நான் எழுதினது, சனம், என்று துண்டு துண்டாகக் கேட்டது. மச்சாள் அதை முடிக்கவிடவில்லை. கோபமும் படவில்லை. மரக்கறி எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுப்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"நான் ஒண்டுதான் நேந்தனான் ராசா. மற்றச் சுத்து உன்ரை. அம்மா உன்னட்டையும் கேட்டவ எல்லோ."

அவன் மூச்சு விடுவது மட்டும் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. லைன் கிளியராகத்தான் இருந்தது.